புல்வெளிப் பாசியும் இலுப்பைப் புண்ணாக்கும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

உங்களில் பலர் இப்போது இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சொந்த வீடு வாங்கிக் குடியிருக்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்ட் புல்தரை இருக்கிறது. குளிர்காலம் முடிந்து கதவைத் திறந்து பார்த்தால் பாதிப் புல்லைக் காணோம், அந்த இடத்தில் மெத்தை விரித்தது போலப் பாசி. "சார், இதற்கு என்ன மருந்து போடலாம்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வரலாறு நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரிக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதில் நம் ஊர் இலுப்பை மரம்கூட வருகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் குளத்தில் மிதப்பதும் பாசி, மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் பச்சை வெல்வெட் போலப் படர்வதும் பாசி. நான் சொல்லப்போவது இரண்டாவதை. தாவரவியல் பாடத்தில் பிரையோஃபைட்டுகள் என்று படித்தீர்களே, அந்தக் குடும்பம். இதற்கு உண்மையான வேர் கிடையாது. தரையைப் பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும் உண்டு. நீரையும் சத்தையும் இலை வழியாகவே எடுத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்து சருகாகும், நாலு துளி மழை விழுந்தால் மறுபடி பச்சையாகிவிடும். கிள்ளிப் போட்ட துண்டிலிருந்தும் முளைக்கும். ஆனால் ஒன்று: புல்லை நெரித்துக் கொல்லும் பலம் இதற்கு இல்லை. புல் சோர்ந்துபோய் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் இது குடியேறும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். பாசியை எப்படிக் கொல்வது என்றுதான் மக்கள் நூறு ஆண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புல் ஏன் சோர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அதற்கான விடையில் ஒரு பெரிய பகுதி, லண்டனுக்கு வடக்கே ஒரு வயலில் 1856-ஆம் ஆண்டிலிருந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது.

புல்வெளி எப்படி வந்தது?

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சீரான புல்வெளி பிரபுக்களின் சொத்து. மாளிகைக்குச் சற்றுத் தள்ளி இருந்த புல்லை ஆடுகள் மேய்ந்து அளவாக வைத்தன. மாளிகையை ஒட்டிய புல்லை ஆட்கள் நீண்ட பிடி போட்ட அரிவாளால் வெட்டினார்கள். பனி ஈரம் இருந்தால்தான் அரிவாள் நன்றாகப் பிடிக்கும் என்பதால் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். இத்தனை பேருக்குக் கூலி கொடுக்க முடிந்தவன்தான் புல்வெளி வைத்துக்கொள்ள முடியும்.

இதை மாற்றியவர் எட்வின் பட்டிங் என்னும் இயந்திரத் தொழிலாளி. ஊர், குளூஸ்டர்ஷயரில் உள்ள ஸ்ட்ரவுட். அது கம்பளி நெசவுக்குப் பெயர்போன பகுதி. நெய்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒரே சீராகக் கத்தரிக்க ஆலைகளில் ஓர் உருளை இயந்திரம் இருந்தது. அதே உருளையைத் தரையில் ஓட்டினால் புல்லும் சீராக வெட்டுப்படுமே என்று அவருக்குத் தோன்றியது. 1830-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். கனவான்கள் இதைத் தாங்களே தள்ளினால் நல்ல உடற்பயிற்சியாகவும் இருக்கும் என்று அந்த விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். 1832-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரிக்கத் தொடங்கியது.

அதன் பிறகு குமாஸ்தா வீட்டிலும் புல்வெளி வந்தது. டென்னிஸ், கிரிக்கெட், கோல்ஃப், பௌலிங் என்று விளையாட்டுகள் வளர, தரை கம்பளம் போல இருக்க வேண்டும் என்ற ஆசையும் வளர்ந்தது. ஆடு மேய்ந்த காலத்தில் புல் விரல் உயரம் நின்றது, ஆட்டுப் புழுக்கை மண்ணுக்கு உரமாக விழுந்தது. இப்போது புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை வாரி வெளியே கொட்டி, மேலே கனமான உருளையை ஓட்டினார்கள். ஒட்ட வெட்டினால் புல்லின் வேர் ஆழம் போகாது. உருளை ஓட்டினால் மண்ணுக்குள் காற்று போகாது. வாரிக் கொட்டினால் சத்து வெளியேறும். பாசிக்குப் பாய் விரித்தாகிவிட்டது.

ரோதாம்ஸ்டெட் வயல்

இனி அந்த வயலுக்கு வருவோம். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஹார்ப்பெண்டன் என்ற ஊர். அங்கே ரோதாம்ஸ்டெட் பண்ணையின் வாரிசு ஜான் பென்னட் லாஸ். எலும்பையும் பாறை பாஸ்பேட்டையும் கந்தக அமிலத்தில் கரைத்து உரமாக்கும் முறைக்கு 1842-இல் காப்புரிமை பெற்றார். நம் அப்பாக்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்ட சூப்பர் பாஸ்பேட் அதுதான். அந்த வருமானத்தில் தன் பண்ணையையே ஆய்வுக்கூடமாக்கினார். 1843-இல் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரை வேலைக்குச் சேர்த்தார். 1900-இல் லாஸ் இறக்கும்வரை இருவரும் 57 ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்தார்கள்.

1856-இல் அவர்கள் ஒரு மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 7 ஏக்கர். அதற்கு முன்பே நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் உழாமல் புல்லாகவே கிடந்த நிலம். அதைப் பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு எதுவும் போடவில்லை. ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்குச் சூப்பர் பாஸ்பேட், ஒன்றுக்கு அமோனியம் சல்பேட், ஒன்றுக்குச் சோடியம் நைட்ரேட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரம், சிலவற்றுக்குக் கலப்பு. கேள்வி எளிமையானது: மாட்டுக்குப் போடும் உலர்புல் எந்த உரத்தில் அதிகம் கிடைக்கும்?

இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே வேறொன்று கண்ணில் பட்டது. எல்லாப் பாத்தியிலும் இருந்தது ஒரே பழைய புல்தான். புதிதாக யாரும் எதுவும் விதைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பாத்திக்கும் வேறு வேறு விதை தூவியது போல, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு செடிகள் ஓங்கி நின்றன. என்ன முளைக்க வேண்டும் என்பதை மண் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

அமோனியம் சல்பேட் பாத்தியையும் சோடியம் நைட்ரேட் பாத்தியையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் தழைச்சத்து தரும் உரங்கள்தான். ஆனால் ஆண்டுகள் ஓட ஓட அமோனியம் சல்பேட் போட்ட மண் புளித்தது. நைட்ரேட் போட்ட மண் புளிக்கவில்லை. காரணம் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். அமோனியத்தை அவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுகிறது. மழை அதிகமுள்ள நாட்டில் மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் கரைந்து அடியில் போய்விடுகிறது. ஈடுகட்டச் சுண்ணாம்பு போடாவிட்டால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும்.

புளிப்பை அளக்கும் எண்ணைப் பள்ளியில் பி.எச். என்று படித்திருப்பீர்கள். வேளாண்மைத் துறையில் கார அமில நிலை என்பார்கள். கோபன்ஹேகனில் இருந்த சோரன்சன் 1909-இல் கொண்டுவந்த அளவு அது. 7 என்றால் நடுநிலை. ஓர் எண் குறைந்தால் புளிப்பு 10 மடங்கு கூடும். அந்த வயல் தொடங்கியபோது ஏறத்தாழ 5.5 இருந்தது. சுண்ணாம்பே போடாமல் அமோனியம் சல்பேட் மட்டும் போட்டுவந்த பாத்திகள் 3.5 அருகே இறங்கின. அதாவது ஏறத்தாழ 100 மடங்கு புளிப்பு. நம் வீட்டுத் தயிரே 4.5 அளவில்தான் இருக்கும். தயிரைவிடப் புளித்த மண்ணில் எது வளரும்? எதுவுமே போடாத பாத்தியில் 35-க்கு மேற்பட்ட வகைச் செடிகள் இருக்க, மிகவும் புளித்த பாத்திகளில் இரண்டு மூன்று வகைப் புல்லே மிஞ்சியது.

அந்தப் பாத்திகளில் இன்னொரு காட்சி. செத்த புல்லும் தண்டும் மக்காமல் தரைமேல் ஒரு பாய் போலத் தடித்துக் கிடந்தன. மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் சோம்பிவிட்டன, இழுத்துச் செல்லும் மண்புழுக்கள் போய்விட்டன. மண் அத்தனை புளித்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேரின் நுனியைக் கருக்கும். மணிச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

1903-இலிருந்து பெரும்பாலான பாத்திகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் முறையாகச் சுண்ணாம்பு போட்டார்கள். ஒரே உரம், ஒரே மழை, நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பலவகைப் புல்லும் பூவும் திரும்பின. அந்தப் பக்கம் அதே வெறுமை. 1906-இல் அங்கே சேர்ந்த வினிஃப்ரெட் பிரெஞ்ச்லி அம்மையார் பல ஆண்டுகள் இந்தப் பாத்திகளின் செடிகளை ஆராய்ந்து 1924-இல் ஒரு நூலாக எழுதினார். அந்த வயல் இன்றும் இருக்கிறது. இன்றும் ஆண்டுக்கு இரண்டு முறை அறுக்கிறார்கள்.

இது உலர்புல் வயல், வீட்டுப் புல்வெளி அல்ல. பாசிக்கான ஆய்வும் அல்ல. ஆனாலும் புல் ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

டார்வினும் மண்புழுவும்

அதே காலத்தில் கென்ட் பகுதியில் தன் வீட்டுப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கைக்காக நாம் அறிந்தவர். ஆனால் மண்புழு பற்றி அவர் முதல் கட்டுரை வாசித்தது 1837-இல். கடைசிப் புத்தகம் எழுதியதும் மண்புழு பற்றியே, 1881-இல். அதற்கடுத்த ஆண்டு இறந்துபோனார்.

அவர் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். 1842 டிசம்பரில் வீட்டருகே ஒரு புல்நிலத்தில் உடைத்த சுண்ணக்கல்லைப் பரப்பினார். 29 ஆண்டுகள் காத்திருந்தார். 1871 நவம்பரில் அங்கே பள்ளம் தோண்டிப் பார்த்தபோது, பரப்பிய வெள்ளைக் கற்கள் 7 அங்குல ஆழத்தில் ஒரு கோடு போலக் கிடந்தன. கற்களை யாரும் புதைக்கவில்லை. மண்புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்ததால் கற்கள் தாமாகக் கீழே போயின. ஆண்டுக்குக் கால் அங்குலம் புது மண். ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன் மண் புழுக்களின் உடல் வழியே போய் மேலே வருகிறது என்று பல இடங்களுக்குக் கணக்குப் போட்டார்.

கலப்பை உழாத புல்வெளியில் உழுபவன் மண்புழுதான் என்பது இதன் சாரம். அது போகும் துளை வழியே நீர் இறங்குகிறது, காற்று நுழைகிறது, சருகு உள்ளே போய் மக்குகிறது. நம் கிராமத்தில் மண்புழுவை உழவனின் நண்பன் என்று பாடம் நடத்துவதற்கு முன்பே, நாங்கூழ் உள்ள மண் நல்ல மண் என்று தாத்தாக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இலுப்பை வந்த கதை

டார்வின் புத்தகம் அன்று நன்றாக விற்றது. ஆனால் புல்வெளி பராமரித்தவர்களுக்கு வேறு கவலை. மண்புழு மேலே தள்ளும் குருணை மண் கோல்ஃப் பந்தின் வழியை மாற்றியது. வெட்டும் இயந்திரத்தின் கத்தியை மழுக்கியது. உருளை ஏறினால் சேறாக அப்பியது. எனவே புழுவை ஒழிப்பது என்று முடிவுசெய்தார்கள்.

அதற்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் அதிகம் நம்பிய பொருள் "மௌரா மீல்". இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. வடக்கே மஹுவா, நமக்கு இலுப்பை. அதன் கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்குத்தான் அது!

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற பழமொழியைச் சொல்லாத ஊர் நம் பக்கம் இல்லை. இலுப்பை எண்ணெயில் கோயில் விளக்கு எரிந்தது. புண்ணாக்கை இடித்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். நுரை வருகிறதே, அது அதிலிருக்கும் சப்போனின் என்ற பொருளால். அதே புண்ணாக்கைக் குளத்தில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும். மீன் வளர்ப்போர் குட்டையில் வேண்டாத மீன்களை அகற்ற இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கிலாந்தில் அந்தத் தூளைப் புல்வெளியில் தூவி நிறையத் தண்ணீர் விட்டார்கள். சிறிது நேரத்தில் புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வரும். துடைப்பத்தால் கூட்டி வாளியில் அள்ளுவார்கள். நம் ஊரில் எண்ணெயாக விளக்கெரித்த மரத்தின் சக்கை, அங்கே மண்ணை உழுதுகொண்டிருந்த உயிரை வெளியேற்றப் போனது. பிறகு ஈய ஆர்சனேட் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளோர்டேன் வந்தது. புண்ணாக்காவது மண்ணில் மக்கிவிடும். ஆர்சனிக்கும் ஈயமும் மக்காது. குளோர்டேனை 2001-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலக அளவில் ஒழிக்க வேண்டிய நச்சுகளின் முதல் பட்டியலிலேயே சேர்த்தது.

இன்னொரு பக்கம் உரம். வீதி விளக்குக்காக நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த காலம் அது. அந்த ஆலைகளின் உபபொருளாக அமோனியம் சல்பேட் மலிவாகக் கிடைத்தது. புல்வெளிக்கு அதையே போட்டார்கள். மண் புளிக்கும் என்று தெரிந்தே போட்டார்கள். புளித்தால் குளோவர் போன்ற களைகள் வராது, புழுவும் வராது, மெல்லிய இலைப் புல் மட்டும் நிற்கும் என்பது கணக்கு. அளவோடு இருந்தவரை அந்தக் கணக்கு பலித்தது. அளவு மீறிய இடத்தில் புல்லும் மெலிந்தது.

இப்போது சேர்த்துப் பாருங்கள். புழு இல்லை, அதனால் துளை இல்லை, மழைநீர் மேலேயே தேங்குகிறது. சருகு மக்காமல் பாயாகிறது. புளித்த மண்ணில் புல் மெலிகிறது. ஒட்ட வெட்டுவதால் இடைவெளி விழுகிறது. பாசி வந்து அமர்கிறது.

வந்த பாசிக்கும் மருந்து இருந்தது. மணலோடு அமோனியம் சல்பேட்டும் இரும்பு சல்பேட்டும் கலந்து "லான் சேண்ட்" என்று விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். இரும்பு சல்பேட் வேறொன்றுமில்லை, நாட்டு மருந்துக் கடை அன்னபேதிதான். கடுக்காயோடு சேர்த்து மை காய்ச்சிய அதே பொருள். தூவிய சில நாளில் பாசி கறுத்துச் சாகும், புல் கரும்பச்சையாகும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்தக் கலவையில் இருந்த அமோனியம் சல்பேட் மண்ணை இன்னும் கொஞ்சம் புளிக்க வைத்திருக்கும். ஓரிரு ஆண்டில் பாசி திரும்பும், மறுபடி கடைக்குப் போக வேண்டும். சில கலவைகளில் பாதரச உப்பைக்கூடச் சேர்த்தார்கள். குழந்தைகள் உருண்டு விளையாடும் தரையில் பாதரசம்! பின்னர் அதற்கும் தடை வந்தது.

1929-ஆம் ஆண்டு யார்க்ஷயரில் பிங்லி என்ற ஊருக்கு அருகே புல்மைதானப் பராமரிப்புக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். மண்ணைச் சோதிப்பது, துளையிடுவது, மணலும் மக்கும் பரப்புவது என்பதெல்லாம் படிப்படியாக முறையான அறிவாயிற்று. இன்று மைதானங்களில் ஓடும் துளையிடும் இயந்திரங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: புழு கூலி வாங்காமல் செய்த வேலைக்கு இப்போது டீசல் ஊற்றுகிறார்கள்.

சரி, என்ன செய்வது?

1. முதலில் மண்ணைச் சோதியுங்கள். நாலைந்து இடத்தில் மூன்று நான்கு அங்குல ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து பாருங்கள். எளிய பி.எச். சோதனைப் பெட்டி தோட்டப் பொருள் கடைகளில் கிடைக்கும்.

2. எண் 5.5-க்குக் கீழே இருந்தால் அரைத்த சுண்ணாம்புக்கல் தூளைக் குளிர்காலத்துக்கு முன் தூவலாம். சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், புல் கருகிவிடும். அமோனியம் உரத்தையும் சுண்ணாம்பையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள், அமோனியா ஆவியாகப் போய்விடும். எண் 6-க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பே வேண்டாம். சுண்ணாம்பு பாசிக்கு விஷம் அல்ல. நடுநிலை மண்ணிலும் நன்றாக வளரும் பாசி வகைகள் உண்டு.

3. தரை இறுகியிருந்தால் துளையிடுங்கள். கார்டன் ஃபோர்க் ஒன்று போதும். நான்கு அங்குல ஆழம், கைப்பிடி அகல இடைவெளி. இலையுதிர் காலத்தில் செய்தால் நல்லது. பிறகு மணலும் நல்ல மண்ணும் சலித்த மக்கும் கலந்து மெல்லியதாகப் பரப்பித் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள்.

4. ஒட்ட வெட்டாதீர்கள். ஒன்றரை அங்குல உயரம் விடுங்கள். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

5. இருக்கிற பாசியை அகற்ற அன்னபேதி போடுவதில் தவறில்லை. ஆனால் அது காய்ச்சலுக்கு மாத்திரை போல. கறுத்துச் செத்தபின் வாரி எடுங்கள். உயிரோடு வாரினால் துண்டுகள் சிதறி வேறிடத்தில் முளைக்கும். சிமெண்ட் தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, கவனம். வெற்றிடத்தில் உடனே புல்விதை தூவுங்கள். விட்டுவைத்தால் பாசியே திரும்பி வரும்.

6. மண்புழு தள்ளிய குருணை மண்ணைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். காய்ந்ததும் துடைப்பத்தால் பரப்பிவிடுங்கள். அதைவிட நல்ல உரம் கடையில் இல்லை.

7. பெரிய மரத்தின் அடியிலோ வடக்குச் சுவரின் நிழலிலோ வெயிலே படாத இடமாக இருந்தால் புல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிழல் தாங்கும் வேறு செடி வையுங்கள். இல்லாவிட்டால் பாசியையே விட்டுவிடுங்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கேலி என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் சைஹோஜி என்றொரு புத்த ஆலயம். அதன் தோட்டத்தை 1339-இல் முசோ சோசெகி என்ற துறவி திருத்தி அமைத்தார். அன்று அது பாசித் தோட்டம் அல்ல. பின்னாளில் பராமரிப்புக் குறைந்து, வெள்ளமும் வந்து, நிழலும் ஈரமும் மிகுந்த அந்த மண்ணில் பாசி தானாகப் படர்ந்தது. அவர்கள் அதைச் சுரண்டவில்லை. இன்று சுமார் 120 வகைப் பாசிகள் அங்கே உண்டு. 1994-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கூட்டத்தால் பாசி மிதிபடக் கூடாது என்று 1977 முதல் முன் அனுமதி பெற்றவர்களை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். ஒரு நாட்டில் விஷம் வைத்துக் கொன்றதை இன்னொரு நாட்டில் அனுமதிச் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

ஊரில் இருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கும் இந்த இங்கிலாந்துக் கதைக்கும் என்ன என்று கேட்பீர்கள். நம் சமவெளி மண் பெரும்பாலும் புளிக்கிற மண் அல்ல. நம் தொல்லை களரும் உவரும். நீலகிரியில் மண் புளிப்புத்தான், ஆனால் தேயிலைக்கு அந்தப் புளிப்பு வேண்டும். மண்ணுக்கு நல்ல எண், கெட்ட எண் என்று தனியாகக் கிடையாது, பயிரைப் பொறுத்ததுதான். ஆனால் பாசி சொல்லும் பாடம் நமக்கும் பொருந்தும். வயல் ஓரத்தில் உமரி முளைத்தால் மண்ணில் உப்பு ஏறுகிறது என்று பெரியவர்கள் உமரியைப் பார்த்தே சொல்வார்கள். உமரியைப் பிடுங்கிப் போட்டு உப்பு குறைந்துவிட்டது என்று யாரும் நினைத்ததில்லை.

2015 முதல் மத்திய அரசு மண்வள அட்டை கொடுக்கிறது. வாங்கியவர்கள் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்திருப்பீர்கள். எடுத்துப் பாருங்கள். கார அமில நிலை என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு உரக்கடைக்குப் போங்கள். அட்டை இல்லாதவர்கள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் மண் மாதிரி கொடுங்கள். ரோதாம்ஸ்டெட்டில் தவறான உரம் ஒரு பாத்தி மண்ணைக் கெடுக்கப் பல ஆண்டுகள் எடுத்தது. அதைத் தெரிந்துகொள்ள நமக்கு ஒரு கைப்பிடி மண் போதும்.

உங்கள் வீட்டு மண்ணின் எண் என்ன வந்தது என்று எழுதுங்கள். எந்த ஊர், எந்த நாடு என்றும் சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்